கடைவாசலுக்கு ஏற்ற காகிதப்பூ

இம்மாதம் சரக்கு விலையையும் வரியையும் சற்றே ஒதுக்கிவிட்டு, ஒரு செடியைப் பற்றி எழுதுகிறேன்.

கடைவாசல் பார்வையாக இருந்தால் வாடிக்கையாளர் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார். ஆனால் குடிநீரையே லாரியில் வாங்கும் சேலம், நாமக்கல் கோடையில் பூச்செடிக்கு யார் நீர் ஊற்றுவது? அதற்குப் பொருத்தமானது, காகிதப்பூ என்று நாம் சொல்லும் போகன்வில்லா. நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் அரளியோடு இதையும் நட்டிருப்பது வறட்சியைத் தாங்கும் என்பதால்தான்.

இதன் தாயகம் தென் அமெரிக்கா. 1766-இல் உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி போகன்வில்லுடன் சென்ற தாவர அறிஞர் கொம்மர்சன், 1767-இல் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவில் இதைக் கண்டார். தளபதியின் பெயரே செடிக்கு வந்தது. நம் வீட்டு அந்திமந்தாரையும் இதே குடும்பம்தான்.

நாம் பூ என்று நினைக்கும் ஊதாவும் சிவப்பும் உண்மையில் பூவல்ல. நிறம் மாறிய இலைகள். ஒரு கொத்தைப் பறித்துப் பாருங்கள். மூன்று வண்ண இலைகளுக்கு நடுவே மூன்று சிறிய வெளிர்பூக்கள் இருக்கும். அவையே பூ.

என் மண்டி வாசலில் ஒரு கன்று வைத்தேன். தினமும் இரண்டு குடம் தண்ணீர், மாதம் ஒரு பிடி யூரியா. இரண்டு வருடமாக இலைதான் மண்டியது. ஒரு பூ இல்லை. மூன்றாம் வருடக் கோடையில் கிணறு வற்றியது. செடியை மறந்தே போனேன். சில வாரங்களில் கொம்பெல்லாம் சிவந்து நின்றது! அதிக நீரும் தழைச்சத்தும் இலையைத்தான் வளர்க்கும். வெயிலும் ஓரளவு வறட்சியுமே பூக்கவைக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வளர்க்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை:

1. பென்சில் கனமுள்ள முற்றிய குச்சியை மழைக்காலத்தில் நட்டால் வேர்பிடிக்கும்.
2. தினமும் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் படவேண்டும்.
3. தொட்டியில் வைத்தால் அடியில் துளை அவசியம். நீர் தேங்கினால் வேர் அழுகும்.
4. வேர் பிடித்தபின், மேல்மண் நன்கு காய்ந்த பிறகே நீர் ஊற்றவும்.
5. புதுத்துளிரில்தான் பூ வரும். ஒருமுறை பூத்து ஓய்ந்ததும் நுனிகளை வெட்டிவிடவும்.
6. முள் உண்டு. வாடிக்கையாளர் நடக்கும் வழியிலும் மின்கம்பி அருகிலும் படரவிட வேண்டாம்.

கேட்டபோதெல்லாம் கடன் கொடுத்துப் பழக்கிய வியாபாரமும் என் செடியைப் போலத்தான். பேரேடு தழைக்கும், கல்லா நிறையாது. கொடுப்பதில் அளவு வேண்டும் என்பதை நாற்பது வருட வியாபாரத்தில் அறிந்திருந்தும், செடிக்கு நீர் ஊற்றும்போது மறந்துவிட்டேன். நீங்கள் மறவாதீர்கள்.