அணிற்பிள்ளை

நுழையும்முன்

கூட்டிலிருந்து விழுந்த அணிற்குட்டியைக் கையில் எடுப்பது எளிது. அதனை உயிருடன் மரத்துக்குத் திருப்பி அனுப்புவது அரிது. சென்னையின் வீட்டு முற்றங்களிலும் கோயில் மதில்களிலும் மனிதரோடு ஒட்டி வாழும் இச்சிற்றுயிரைத் தமிழர் கண்ட விதத்தையும், தாயைப் பிரிந்த குட்டியைக் காக்கும் முறையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் மழைக்காலம் தொடங்குமுன் தென்னை மரத்தில் ஆளேற்றிக் காய்ந்த மட்டைகளைக் கழிப்பது வழக்கம். வெட்டிய மட்டை தரையில் விழும்போது சில வேளைகளில் நார்ப்பந்து ஒன்றும் உடன் விழும். தென்னைநார், பஞ்சு, கந்தல் துணி எனக் கிடைத்ததையெல்லாம் கொண்டு தாயணில் கட்டிய கூடு அது. உள்ளே இரண்டு அல்லது மூன்று குட்டிகள் கிடக்கும். மயிர் முளைக்காத இளஞ்சிவப்பு உடல், திறவாத கண்கள், காதில் விழுந்தும் விழாததுமான கீச்சொலி. அதற்குள் மதிலின்மேல் காகம் ஒன்று வந்து அமர்ந்திருக்கும். வீட்டுப் பெரியவர் எவரேனும், "ஐயோ பாவம், கொஞ்சம் பாலாவது ஊற்றுங்கள்" என்பார். இரக்கத்தில் பிறந்த அந்தச் சொல்லே பல குட்டிகளின் உயிருக்கு உலை வைத்திருக்கிறது.

மூவரி அணில்

தொல்காப்பிய மரபியல், விலங்குகளின் இளமைப் பெயர்களை வரிசைப்படுத்துகிறது. மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கின் இளமைக்குக் 'குட்டி' என்னும் பெயர் உரியது என்கிறது. அவற்றைப் 'பறழ்' என்றாலும் பிழையில்லை என இசைவும் தருகிறது. அவ்விடத்தில் அணிலை வெறுமனே அணில் என்னாது 'மூவரி அணில்' என்றே குறிப்பது நோக்கத்தக்கது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் மூன்று வரி அணிலையும், வட இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் ஐந்து வரி அணிலையும் இன்றைய விலங்கியல் இரு வேறு இனங்களாகப் பிரிக்கிறது. முற்றத்தில் ஓடிய உயிரின் முதுகை எண்ணிப் பார்த்தே பெயரிட்டவர்கள் நம் முன்னோர்.

குறுந்தொகையின் 41ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. மக்கள் விட்டகன்ற ஊரில், ஆளற்ற வீட்டின் முன்றிலில் அணில் விளையாடும் காட்சியைத் தலைவியின் தனிமைக்கு உவமையாக்கியமையால் அவர் 'அணிலாடு முன்றிலார்' எனப்பட்டார். வைணவ மரபில், சேது கட்டுதற்கு மணல் சுமந்த அணிலைத் தொண்டரடிப்பொடி ஆழ்வார் தம் திருமாலையில் போற்றுகிறார். இராமன் தடவிய விரற்சுவடுகளே அதன் வரிகள் என்னும் கதையை அறியாத தமிழ்க்குழந்தை இல்லை எனலாம். தென்னம்பிள்ளை, கீரிப்பிள்ளை என்பவற்றோடு அணிற்பிள்ளை என்றும் வழங்கும் நாட்டு வழக்கு, வளர்ப்பின் பாசத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. ஆனால் பாசம் மட்டும் குட்டியைக் காப்பாற்றிவிடாது.

முதல் சில மணி நேரம்

விழுந்த குட்டி ஆதரவற்றதுதானா என்பதே முதற்கேள்வி. பெரும்பாலும் தாய் அருகிலேயே, மேற்கிளையில் வாலை உதறிக் கத்திக்கொண்டிருக்கும். மனிதர் கைபட்ட குட்டியைத் தாய் ஏற்காது என்பது வெறும் நம்பிக்கை. காயமில்லாத குட்டியை ஒரு சிறு அட்டைப்பெட்டியில், அதன் கூட்டு நாரையே விரித்துக் கிடத்தி, விழுந்த மரத்தின் அடியிலோ தாழ்ந்த கிளையிலோ வைக்கவேண்டும். பிறகு மனிதர் விலகி நின்று, காகமும் பூனையும் அணுகாமல் காவல் காக்கவேண்டும். தாய் இறங்கி வந்து குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி, வேறோர் இடத்துக்குக் கொண்டுசேர்க்கும். எத்தனை திறமையான மனிதரும் தாயணிலுக்கு ஈடாகார் என்பதால், பகல் முழுதும் காத்திருந்தாலும் தகும். இரவில் அணில்கள் நடமாடுவதில்லை. அந்திக்குள் தாய் வரவில்லையெனில் குட்டியை வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளவேண்டும்.

பூனை கவ்விய குட்டிக்கு இக்காத்திருப்பு பொருந்தாது. மேலே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், பூனைப் பல்லின் வழியே புகும் நுண்ணுயிர் விரைவில் அதைக் கொன்றுவிடக்கூடும். அதனை உடனே கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பதே வழி.

அடுத்தது வெப்பம். மயிரற்ற குட்டிக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. தாயின் வயிறும் உடன்பிறந்தவற்றின் நெருக்கமுமே அதன் போர்வை. தொட்டால் குளிர்ந்திருக்கும் குட்டிக்கு எதையும் ஊட்டக்கூடாது. குளிர்ந்த உடலில் செரிமானம் நடைபெறாமையால், உட்சென்ற உணவு அப்படியே தங்கிக் கெடும். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்கவேண்டும். சூடு மிகுந்தால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். சென்னை வெயிலில் இது எதற்கு என்று தோன்றலாம்; மின்விசிறியின் காற்றே அதற்கு மார்கழிக் குளிர்.

பாலும் நஞ்சாகும்

உடல் சூடேறியபின் முதலில் தருவது பாலன்று. மருந்துக்கடையில் கிடைக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலை முறைப்படி கலந்து, இளஞ்சூட்டில் சில துளிகள் தரவேண்டும். நீரிழப்பு தீர்ந்த பிறகே பாலைப் பற்றி எண்ணலாம்.

அணிலின் தாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் செறிந்திருக்கும். பசும்பாலிலோ அவை குறைவு, பால்சர்க்கரை மிகுதி. அதைச் செரிக்க இயலாத குட்டிக்கு வயிறு ஊதிக் கழிச்சல் காணும். கைவிரலளவு உடலில் இருக்கும் நீரே சொற்பம்; அதுவும் வெளியேறிய பின்பு ஓரிரு நாளில் உயிர் போய்விடும். பால் கொடுத்தும் பிழைக்கவில்லையே என வீட்டார் வருந்துவர். அந்தப் பாலே காரணம் என்பதை அறியார். நாய்க்குட்டிகளுக்கென விற்கப்படும் பால்மாவு இதற்கு ஓரளவு ஏற்றது. அதனையும் மருத்துவர் சொல்லும் அளவில் கரைக்கவேண்டும்.

ஊட்டும் முறையிலும் உயிர் அடங்கியிருக்கிறது. மனிதக் குழந்தையைப் போல் மல்லாத்திப் பிடித்தால் பால் மூக்கேறி நுரையீரலுக்குள் புகும், பிறகு நிமோனியாதான். குட்டியை வயிறு கீழிருக்கத் துணியில் பிடித்து, தலையைச் சற்றே உயர்த்தி, ஊசி நீக்கிய 1 மில்லி சிரிஞ்சால் துளித்துளியாக விடவேண்டும். ஒரு வேளைக்கு உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு போதும்; 20 கிராம் குட்டிக்கு 1 மில்லி. கண் திறவாத பருவத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் ஊட்டவேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றை மெல்ல வருடினால்தான் அது சிறுநீர் கழிக்கும். தாயணில் நாவால் நக்கிச் செய்யும் பணி இது. இதனை மறந்தவர்கள், பாலை முறையாக ஊட்டியும் குட்டியை இழந்ததுண்டு.

நகரின் துணைகள்

இத்தனையும் எல்லா வீட்டிலும் இயலாது. இயலாதெனில் உரியவரிடம் ஒப்படைப்பதே நேர்மை. விமானியான கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு கிண்டி - வேளச்சேரிச் சாலையில் இயங்கிவருகிறது. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகம் உள்ளது. அதே அடையாற்றில் 1936இல் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி, மாநிலங்களவை உறுப்பினராக இருந்து விலங்குவதைக்கு எதிராகக் குரலெழுப்பினார். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு அவர் முயற்சியே வித்து. சட்டத்தின்வழி அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

2016 திசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, அடையாறு முதல் தியாகராய நகர் வரை நிழல் தந்த மரங்கள் ஆயிரக்கணக்கில் வேரோடு சாய்ந்தன. மக்கள் கண்டது சாலையை மறித்த மரங்களை. கிளைகளுக்கிடையில் எத்தனை கூடுகள் நசுங்கின என்பதற்குக் கணக்கில்லை.

தெரிந்து தெளிவோம்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில், ஆனைமலைப் பகுதி உட்பட, பறக்கும் அணில்கள் வாழ்கின்றன. இவை உண்மையில் பறப்பதில்லை. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையிலுள்ள தோற்சவ்வை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கிச் செல்கின்றன. இரவில் உலவிப் பகலில் மரப்பொந்தில் உறங்கும். பொந்துள்ள முதுமரம் வீழ்ந்தால் குட்டிக்கு மாற்று வீடில்லை. இவை காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் (1972) காக்கப்படுபவை. குட்டியைக் கண்டவர் வீட்டுக்குக் கொண்டுசெல்லாமல் வனத்துறைக்கே தெரிவிக்கவேண்டும்.

மரத்துக்குத் திரும்புதல்

மூன்று வரி அணிற்குட்டி பத்து வாரமளவில் பால் மறக்கும். கண் திறந்து பல் முளைத்த பின் கொய்யா, வேகவைத்த காய், முளைகட்டிய பயறு, இளந்தளிர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். வேர்க்கடலையை மட்டுமே தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச்சத்துக் குறைந்து எலும்பு நலியும். பிறகு பின்னங்கால்களை இழுத்தே நடக்கும். நாள்தோறும் காலை வெயிலும், வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்களைத் தேய்க்கக் குச்சியும் தேவை.

இப்பருவத்தில்தான் வளர்ப்போர் பெரும்பாலும் தவறுகின்றனர். சட்டைப்பையில் ஏறி உறங்கும் குட்டியைப் பிரிய எவருக்கும் மனம் வராது. வீட்டு நாயின் முதுகில் ஏறி விளையாடுவதைக் கண்டு மகிழ்வர். அந்தக் குட்டி நாளை தெருநாயிடமும் அதே நம்பிக்கையோடு போகும். ஆகவே பால் மறந்தபின் கையிலெடுப்பதைக் குறைத்து, மரக்கிளையை ஒட்டிய மாடத்தில் கூண்டை வைத்து, மற்ற அணில்களின் குரலைக் கேட்கச் செய்யவேண்டும். சில நாள் கழித்துக் காலையில் கூண்டின் கதவைத் திறந்துவிடலாம். முதல் நாள்களில் அது வெளியே ஓடி, காகம் கரைந்தவுடன் உள்ளே பாய்ந்துவரும். மாலையில் பெட்டிக்கே திரும்பும். உணவையும் நீரையும் அங்கேயே வைத்திருக்கவேண்டும். வருகை ஒருநாள் விட்டு ஒருநாளாகி, பிறகு நின்றுவிடும். அதன் பின்னும் சில வாரங்கள் கதவைத் திறந்தே வைத்திருப்பது நல்லது. மழை வலுத்த இரவுகளில் சில குட்டிகள் திரும்பி வருவதுண்டு.