கொள்ளைநோயும் மருத்துவமனை ஊழியரின் மனநலமும்

வியாபாரி ஒருவர் ஆண்டு முடிவில் ஐந்தொகை போடுகிறார். லாபம் குறைந்திருந்தால் அவர் அவ்வளவாகக் கலங்குவதில்லை. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பார். கைமுதலே கரைந்து வந்திருக்கிறது என்று தெரிந்தாலோ, அன்றிரவு அவருக்கு உறக்கம் வராது. கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவமனைகளில் வேலை பார்ப்போருக்கு நேர்வதும் இத்தகையதே. உடல் அயர்வு லாபத்தில் விழும் குறைவு. நாலு நாள் ஓய்வில் சரியாகிவிடும். மனத்தின் தேய்வு கைமுதலில் விழும் குறைவு. அதைப் பற்றியே இங்கு சற்று ஆராய்வோம்.

இதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் சிங்கப்பூருக்குள் சார்ஸ் நோய் புகுந்தது. 238 பேரைப் பீடித்து, 33 உயிர்களைக் கொண்டுபோயிற்று. நோயுற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் மருத்துவத் துறை ஊழியர்களே! டான் டோக் செங் மருத்துவமனை இந்நோய்க்கென்றே ஒதுக்கப்பட்டது. மலாக்காவில் பிறந்த ஒரு வியாபாரி அளித்த பொருளால் 1844-இல் தோன்றியது அம்மருத்துவமனை என்பது, வியாபாரிகளாகிய நாம் நினைவில் வைக்கத்தக்கது.

அவ்வாண்டில் சிங்கப்பூரின் வேறொரு மருத்துவமனையில் 661 மருத்துவர்களையும் தாதியரையும் விசாரித்தார்கள். நூற்றுக்கு 27 பேரிடம் மனநலக் குறைவின் அறிகுறிகள் இருந்தன. நூற்றுக்கு 20 பேரிடம், பேரதிர்ச்சிக்குப் பின் தோன்றும் மனவேதனையின் அறிகுறிகள் காணப்பட்டன. கனடாவின் டொரண்டோ நகரில், நோய் ஓய்ந்து ஒன்றிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும், சார்ஸ் நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனைகளின் ஊழியர்களிடம் அயர்ச்சியும் மனக்கலக்கமும் மற்றவர்களைவிட மிகுதியாக இருந்தன. நோய் போய்விட்டது, அதன் பற்று மட்டும் ஏட்டில் நின்றது.

பின்னர் கோவிட்-19 வந்தது. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 ஊழியர்களை ஆராய்ந்தபோது, பாதிப்பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், மூவரில் ஒருவரிடம் உறக்கமின்மையும் தென்பட்டன. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை, உலகெங்கும் சுமார் 115,500 மருத்துவத் துறை ஊழியர்கள் இந்நோயால் மாண்டிருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

இவர்கள் மனம் தேயக் காரணம் என்ன? முதலாவது, நோயை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோமோ என்னும் அச்சம். வேலை முடிந்து வந்தும் பெற்ற பிள்ளையை வாரியெடுக்கத் தயங்கித் தனியறையில் படுத்த தாய்மார் எத்தனை பேர்! இரண்டாவது, மரணத்தின் அருகிருப்பு. உறவினர் உள்ளே வர இயலாத நாட்களில், சாகக் கிடப்பவரின் காதருகே தொலைபேசியைப் பிடித்து நின்றவர் தாதியே. அந்த வீட்டார் அழுத அழுகை அவர் காதிலும் விழுந்தது. மூன்றாவது, ஊராரின் ஒதுக்கல். இதைப் பற்றிப் பிறகு சொல்வோம்.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. 2020-இல் சிங்கப்பூரில் 470 ஊழியர்களை ஆராய்ந்ததில், மருத்துவர், தாதியரிடையே நூற்றுக்கு 11 பேரிடம் மனப்பதற்றம் இருந்தது. எழுத்தர், மருந்தாளர், பராமரிப்புச் சிப்பந்திகள் முதலியோரிடையே அது நூற்றுக்கு 20-ஐத் தாண்டியது! இவர்களுக்கு விவரமும் பயிற்சியும் குறைவாகக் கிடைத்ததே காரணமாகலாம் என்று ஆராய்ந்தோர் கருதினர். கல்லாவில் இருப்பவருக்குத் தெரிந்த நிலவரம் கடைப்பையனுக்குத் தெரியாது. தெரியாதபோது அச்சம் இரட்டிக்கிறது.

பரிகாரமும் இதிலிருந்தே விளங்கும். தெளிவான உத்தரவு, போதிய பாதுகாப்பு உடை, முறைவைத்து ஓய்வு, காதுகொடுத்துக் கேட்கும் மேலாளர், துணைநிற்கும் சகாக்கள் ஆகியவை இருந்த இடத்தில் மனவேதனை குறைந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, “எனக்கு மனம் சரியில்லை” என்று சொல்வதனால் பிழைப்புக்குப் பங்கம் வராது என்ற நம்பிக்கை வேண்டும். நியூயார்க்கில் அவசரப் பிரிவின் தலைவராயிருந்த டாக்டர் லோர்னா பிரீன், தாமும் நோயுற்று மீண்டு வேலைக்குத் திரும்பியவர், 2020 ஏப்ரலில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மனநோய்க்கு உதவி நாடினால் தொழில் போய்விடும் என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தார் கூறினர். அவர் பெயராலேயே 2022-இல் அமெரிக்காவில், மருத்துவ ஊழியரின் மனநலம் காக்க ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வந்தது, அவர் வரவில்லை.

இனி, நம் கணக்கைப் பார்ப்போம். 2003-இலும் 2020-இலும் சீருடையணிந்த தாதியரைக் கண்டு மின்தூக்கியிலும் இரயிலிலும் விலகி நின்றவர்கள் உண்டு. வாடகை அறையைக் காலிசெய்யச் சொன்ன வீட்டுக்காரர்களும் உண்டு. அவர்களெல்லாம் யார்? நம்மைப் போன்ற சாதாரண மனிதர்களே. சாளரத்தில் நின்று கைதட்டியவர்களும் நாமே. கடைவாசலில் அவர்களைக் கண்டு முகம் சுளித்தவர்களும் நாமே. கைதட்டலுக்கு நமக்குச் செலவில்லை. சுளித்த முகத்துக்கான செலவு அவர்கள் தலையில் விழுந்தது.

ஆகவே, இன்னொரு நோய் வருமுன்னரே நாம் செய்யக்கூடியவை உண்டு. வாடகைக்கு விடும் அறையை அவர்களுக்கு மறுக்காதிருப்போம். இரவு வேலை முடிந்து கடைக்கு வருபவரைக் காக்க வைக்காமல் அனுப்புவோம். நம் வீட்டுப் பெண்ணோ பையனோ மருத்துவமனையில் பணிபுரிந்தால், “இன்று எத்தனை பேர் இறந்தார்கள்?” என்று கேளாமல், “நீ சாப்பிட்டாயா? தூங்கினாயா?” என்று கேட்போம். அவர்கள் பேச விரும்பும்போது கடைக்கணக்கை மூடிவைத்துவிட்டுக் கேட்போம். கரைந்த கைமுதல் ஒரே நாளில் சேராது. நாலு பேர் கைகொடுத்தால் சேரும் என்பதை வியாபாரிகளுக்கு நாம் சொல்லவும் வேண்டுமோ?