பன்றிச் சாணமும் தண்ணீர்க் கணக்கும்

பன்றிக் கொட்டகையின் நாற்றத்துக்குச் சாணத்தைவிட அதில் கலக்கும் தண்ணீரே பெரிய காரணம். 50 கிலோ எடையுள்ள வெண்பன்றி ஒரு நாளில் சாணமும் சிறுநீருமாகச் சுமார் 3 கிலோ கழிக்கும். அதன்மேல் குழாயைத் திறந்துவிட்டால் அதுவே பல மடங்கு சாக்கடையாகப் பெருகும். எருவும் வீண், பக்கத்துக் கிணறும் கெடும். அதனால் முதலில் மண்வெட்டியால் அள்ளிவிட்டு, பிறகுதான் கழுவ வேண்டும். பன்றி தான் படுக்கும் இடத்தில் கழிப்பதைக் கூடியமட்டும் தவிர்க்கும். ஈரமான மூலையைத் தேடிப் போகும். தண்ணீர்த் தொட்டியை ஒரு மூலையில் வைத்தால் சாணமும் பெரும்பாலும் அங்கேயே விழும்.

அள்ளிய சாணத்தில் தழைச்சத்து மிகுதி, கரிமம் குறைவு. தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் 25 முதல் 30 பங்கு இருந்தால்தான் குவியல் நன்றாக மட்கும். பன்றிச் சாணத்தில் இருப்பதோ 10 முதல் 15 பங்குதான். குறையை வைக்கோல், சருகு, மரத்தூள் ஈடுகட்டும். தென்னை நார்க்கழிவு ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் மட்க நெடுநாள் பிடிக்கும். அதை மட்டும் நம்புவது சரியல்ல. கண்ணை எரிக்கும் நெடி வந்தால் வைக்கோல் போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை, புரட்டிப்போட வேண்டும்.

குவியல் ஒரு மீட்டர் உயரமாவது இருந்தால்தான் சூடு ஏறும். நடுவில் செருகிய இரும்புக் கம்பியைச் சிறிது நேரம் கழித்து உருவும்போது கையில் பிடிக்க முடியாதபடி சுட வேண்டும். 55 டிகிரிக்கு மேல் பல நாள் நிற்கும் சூடுதான் உருண்டைப்புழு முட்டைகளைக் கொல்லும். ஆறிக் கிடக்கும் குவியலில் அவை ஆண்டுக்கணக்கில் பிழைத்திருக்கும். வெளிப்புறம் உள்ளே போகும்படி சில முறை புரட்டுவது இதற்காகத்தான். நாடாப்புழுவின் கதை வேறு: பன்றிக்கு அதன் முட்டை மனித மலத்திலிருந்தே வருகிறது. பண்ணையில் முதலில் கட்ட வேண்டியது வேலையாட்களுக்கான கழிப்பறை.

மட்காத சாணத்தைக் கீரைக்கும் காய்கறிக்கும் போடவே கூடாது. மண்புழுத் தொட்டியிலும் பச்சையாகக் கொட்டினால் சூட்டிலும் அம்மோனியாவிலும் புழுக்கள் சாகும். இரண்டு, மூன்று வாரம் ஆறவைத்தே இட வேண்டும்.

கழுவிய நீருக்கு ஏற்ற இடம் எரிவாயுக் கலன். மாட்டுச் சாணத்தைவிடப் பன்றிச் சாணம் கிலோவுக்குக் கூடுதல் வாயு தரும். ஆனால் கலனைத் தொடங்கும்போது மாட்டுச் சாணத்தை ஊற்றினால் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். வெளியேறும் குழம்பைத் தீவனப்புல்லுக்குப் பாய்ச்சலாம்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் இந்தியாவில் முதலில் வடகிழக்கில் கண்டறியப்பட்டது. அது மனிதரைத் தொற்றாது. ஆனால் சாணம் ஒட்டிய செருப்பும் வண்டிச் சக்கரமும் அதைப் பண்ணைக்குப் பண்ணை கொண்டுபோகும். அக்கம்பக்கத்தில் நோய் இருக்கும் காலத்தில் பன்றி எருவை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது.