கணினியில் கதை விளையாட்டு அமைப்போம்

கணினி விளையாட்டை ஆடத் தெரிந்தவர் பலர். ஆக்கத் தெரிந்தவர் சிலர். நிரல்மொழி கற்றவர்க்கே அஃது இயலும் என எண்ண வேண்டா. ஜப்பானில் அஸ்கி நிறுவனம் 1992ஆம் ஆண்டு இதற்கென ஒரு மென்பொருளை வெளியிட்டது. அவ்வரிசை இன்று ‘ஆர்பிஜி மேக்கர்’ எனப்படுகிறது.

அமைக்கும் முறை வருமாறு: முதலில் நிலப்படம். திரையிலுள்ள சதுரக் கட்டங்களில் புல், நீர், மரம், வீடு ஆகிய படங்களைத் தரைக்கு ஓடு பதிப்பதுபோல் பதிக்க வேண்டும். அடுத்துக் கதைமாந்தர். அதன்பின் நிகழ்ச்சிகள், இவற்றைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம்.

‘சுவிட்சு’ என்பது நினைவுக்குறி. மரம் வெட்டும் தாய் மறந்துவிட்ட வாளியைச் சிறுவன் எடுத்தால் சுவிட்சு ‘ஆம்’ என மாறும். தாய் அவனை வாழ்த்துவாள். எடுக்காவிடில், “வாளி எங்கே?” என்பாள். நிரல் எழுதாவிடினும் காரண காரியத்தை ஒழுங்காகச் சிந்தித்தே தீரவேண்டும். இதுவே இப்பயிற்சியின் பயன்.

கனடாவைச் சேர்ந்த கான் காவ் இம்மென்பொருளால் அமைத்த ‘டு த மூன்’ 2011இல் வெளிவந்தது. நிலவுக்குச் செல்ல விரும்பும் முதியவரின் கதை அது. போர்க்காட்சியை நம்பாமலே விளையாட்டு உள்ளத்தைத் தொடும் என்பதை அது காட்டிற்று.

நெகிரி செம்பிலானில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பழைய லயமும் பால் கொட்டகையும் ஆலயமும் எங்கிருந்தன எனத் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். கணினி இல்லையேல் கட்டமிட்ட கணக்கேட்டில் வரையுங்கள். பெற்றோரே, அருகமர்ந்து நீங்கள் அறிந்ததைச் சொல்லுங்கள். நம் கதையைப் பிறர் அமைத்துத் தருவர் எனக் காத்திருத்தல் தகுமோ? நாமே அமைப்போம்!