இருதயச் செயலிழப்பை இனங்காணுதல்

திருப்பதி நகரமும் அதைச் சூழ்ந்த வட்டங்களும் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் முதலிய ஊர்களில் தெலுங்கும் தமிழும் அடுத்தடுத்த வீடுகளில், சில இடங்களில் ஒரே வீட்டிற்குள்ளும் வழங்கிவருகின்றன. இரு மொழிகளுக்கும் பொதுவான சில சொற்கள் நோயைப் பற்றிப் பேசுகையில் பொருள் மாறிவிடுகின்றன. ‘ஆயாசம்’ என்று தமிழர் சொன்னால் களைப்பு என்று பொருள். தெலுங்கர் சொன்னால் மூச்சிரைப்பு. ‘உப்பசம்’ என்பது தமிழில் வயிறு ஊதியிருத்தலைக் குறிக்கும். அதனோடு ஒலி ஒத்த தெலுங்குச் சொல்லோ ஆஸ்துமாவைக் குறிக்கும். களைப்பு, மூச்சிரைப்பு, வயிற்று உப்பல், ஆஸ்துமாவைப் போன்ற இழுப்பு ஆகிய நான்கும் ஒரே வியாதியின் குறிகளாக இருத்தல் கூடும் என்பதுதான் இங்கே கருதத்தக்கது. அவ்வியாதியே இருதயச் செயலிழப்பு. மருத்துவ நூல்கள் இதனைக் ‘கஞ்செஸ்டிவ் ஹார்ட் பெயிலியர்’ என வழங்கும்.

‘செயலிழப்பு’ என்னும் சொல் கேட்போரை அச்சுறுத்துவது; அவ்வளவு பொருத்தமானதும் அன்று. இருதயம் நின்றுவிட்டது என்பது அதன் பொருளன்று. மார்வலியுடன் திடீரென வரும் மாரடைப்பும் இதுவன்று. எனினும் மாரடைப்பினால் தசை சேதமுற்ற இருதயம் பின்னாளில் இந்நிலையை அடைவதுண்டு. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இருதயம் செலுத்த இயலாமற் போவதும், செலுத்தினாலும் உள்ளே அழுத்தம் மிகுந்து பின்புறம் இரத்தம் தேங்குவதுமே இவ்வியாதி.

இளைப்பாறும் நிலையில் வளர்ந்த ஒருவரின் இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. அதன் இடப்பாகம் தளர்ந்தால் நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் முன்செல்ல வழியின்றித் தேங்கும். அதன் நீர்ப்பகுதி நுரையீரலின் காற்றறைகளுக்குள் கசியும். மூச்சு முட்டுவது இதனாலேயே. வலப்பாகம் தளர்ந்தால் கழுத்துச் சிரைகள் புடைக்கும், கல்லீரல் வீங்கும், கணுக்காலில் நீர் கோக்கும். இதற்கு மேல் ஒரு விபரீதமும் நேர்கிறது. தம்மிடம் வரும் இரத்தம் குறைந்தவுடன், உடலில் நீர் வற்றிவிட்டது போலச் சிறுநீரகங்கள் நடந்துகொள்கின்றன. உப்பையும் நீரையும் வெளியே விடாமல் சேமிக்கத் தொடங்குகின்றன. முன்னரே நிரம்பி வழியும் ஏரிக்கு மேலும் நீரைத் திருப்பிவிடுவதை ஒக்கும் இது. ஊறுகாயும் கருவாடும் மிகுதியாக உண்ட மறுநாள் இந்நோயாளிகள் திணறுவதற்குக் காரணமும் இதில் அடங்கியுள்ளது.

நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. ஆனால் கேட்கும் விதம் முக்கியம். “மூச்சு வாங்குகிறதா?” என்று கேட்டால், “வயதாகிவிட்டது அல்லவா?” என்ற மறுமொழியே பெரும்பாலும் கிடைக்கும். இரவில் எவ்வாறு உறங்குகிறார் என்று கேட்பதே பயன் தரும். தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறதா? எத்தனை தலையணை வைத்துக்கொள்கிறார்? முன்பு ஒன்று போதுமாயிருந்து இப்பொழுது மூன்று வேண்டியிருக்கிறதா? உறங்கி ஓரிரு மணி நேரம் கழிந்தபின் திணறி எழுந்து, சன்னலருகே அமர்ந்து, சற்றுப் பொறுத்துத் தெளிகிறாரா? இக்கடைசிக் குறி மிகவும் மதிப்புடையது. பகலெல்லாம் கால்களில் தங்கியிருந்த நீர், படுத்தபின் இரத்தத்திற்குத் திரும்பி நுரையீரலை நிரப்புவதே இதன் காரணம். திண்ணையில் சாய்ந்தபடியே இரவைக் கழிக்கும் முதியவரைக் கண்டால் வீட்டார் புழுக்கம் என்பர். களப்பணியாளர் அவ்வாறு எண்ணிவிடலாகாது.

உழைப்பின் அளவைக் கேட்பதற்கு இவ்வட்டாரத்தில் வேறெங்கும் கிடைக்காத ஓர் அளவுகோல் உண்டு. அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதை சுமார் 9 கிலோமீட்டர் நீளமும் 3,550 படிகளும் கொண்டது. ஆண்டுதோறும் நேர்ந்துகொண்டு நடப்போர் இங்குப் பலர். “சென்ற ஆண்டு எங்கெங்கே உட்கார்ந்தீர்? இவ்வாண்டு எங்கே?” என்று கேட்டால், தம் உடல்நிலையை விவரிக்கத் தெரியாதவரும் துல்லியமாக விடை சொல்வர். முன்னர் நிற்காமல் ஏறியவர் இவ்வாண்டு முதற் சில நூறு படிகளிலேயே இருமுறை அமர்ந்தார் எனில், அது முதுமையின் வேகத்தை மீறிய மாறுதல். ஆனால் இது கேள்வியாக மட்டுமே இருக்கட்டும். ஐயமுள்ளவரை ஏறச் சொல்லிச் சோதித்தல் கூடாது. இருதய நோயுற்றோரும் ஆஸ்துமா உடையோரும் நடந்து ஏறுவதைத் தவிர்க்குமாறு திருமலை திருப்பதி தேவஸ்தானமே 2024-இல் அறிவுறுத்தியுள்ளது.

அடுத்தது உடலைப் பார்த்தல். கணுக்காலுக்கு மேல், எலும்பின்மீது பெருவிரலால் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா என்று காண வேண்டும். இரு கால்களையும் காண்பது அவசியம். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் யானைக்கால், சிரையில் இரத்தம் உறைதல், புண் முதலிய வேறு காரணங்களைத் தேட வேண்டும். படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு நீர் காலில் இராமல் இடுப்பின் பின்புறத்தில் சேரும். அங்கே அழுத்திப் பாராமல் வீக்கம் இல்லை என்று எழுதிவிடுவது அடிக்கடி நேரும் தவறு. நோயாளியை 45 பாகைச் சாய்வில் அமர்த்தி, தலையைச் சற்றே இடப்புறம் திருப்பச் செய்து, வலப்புறக் கழுத்துச் சிரையைக் கவனிக்க வேண்டும். மார்பெலும்பின் மேற்பகுதியிலுள்ள மேட்டிலிருந்து செங்குத்தாக 3 சென்டிமீட்டருக்கு மேல் அதன் துடிப்புத் தெரியுமாயின் சிரையின் அழுத்தம் மிகுந்துள்ளது என்று கொள்ளலாம். ஸ்டெதாஸ்கோப்பு உடையவர் முதுகின் அடிப்பகுதியில் மூச்சை உள்ளிழுக்கும்போது எழும் நொறுநொறுப்பொலியைக் கேட்கலாம். மருத்துவர் இருதயத்தில் மூன்றாம் ஒலி ஒன்றையும் தேடுவார். அதற்குப் பழகிய காது வேண்டும்.

எடைத்தராசு எளிய கருவி. ஆனால் இதற்கு ஈடான கருவி களத்தில் வேறில்லை. மூன்று நாட்களுக்குள் 2 கிலோகிராமுக்கு மேல் எடை கூடினால் அது சதையன்று, நீர்.

இனி, மயக்கம் தரும் நோய்கள். இருமலும் இளைப்பும் கண்டவுடன் காசநோய் என்று முடிவு செய்வது நம் நாட்டில் இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலுக்குச் சளியைச் சோதிக்கத்தான் வேண்டும். சளியில் கிருமி இல்லையெனில் இருதயத்தையும் நினைக்க வேண்டும். இரவில் விசிலொலியுடன் வரும் இழுப்பு ஆஸ்துமாவாகவும் இருக்கலாம், நுரையீரலில் நீர் கோத்ததாகவும் இருக்கலாம். அறுபது வயதில் முதன்முறையாகத் தோன்றும் ‘ஆஸ்துமா’வை ஐயத்துடனேயே நோக்க வேண்டும். கடும் இரத்தசோகை மூச்சிரைப்பையும் வீக்கத்தையும் தானே உண்டாக்கும். இருதயத்தைத் தளரச் செய்யவும் வல்லது. காலையில் முகமும் கண்ணிமையும் முதலில் வீங்குமாயின் சிறுநீரகத்தையும், வயிறு முதலில் பெருத்துக் கால் பின்னர் வீங்குமாயின் கல்லீரலையும் சோதிக்க வேண்டும். இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் அம்லோடிபின் மாத்திரையும் கணுக்கால் வீக்கத்தைத் தரக்கூடும்.

பல குறிகளுள் எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை முறைப்படுத்தியவர்கள் அமெரிக்காவின் பிராமிங்காம் என்னும் ஊரில் 1948 முதல் மக்களைத் தொடர்ந்து ஆராய்ந்துவரும் குழுவினர். 1971-இல் அவர்கள் வெளியிட்ட அளவைகளின்படி, இரவில் திணறி எழுதல், கழுத்துச் சிரைப் புடைப்பு, நுரையீரல் நொறுநொறுப்பு, இருதயம் பெருத்தல், மூன்றாம் ஒலி போன்றவை பெரிய குறிகள். கணுக்கால் வீக்கம், இரவு இருமல், சாதாரண உழைப்பில் மூச்சிரைப்பு, கல்லீரல் வீக்கம், நிமிஷத்துக்கு 120-க்குக் குறையாத நாடி முதலியவை சிறிய குறிகள். இரு பெரிய குறிகள், அல்லது ஒரு பெரிய குறியுடன் இரு சிறிய குறிகள் இருப்பின் நோய் உண்டெனக் கொள்ளலாம். வேறு காரணம் கூற இயலாதபோதுதான் சிறிய குறி கணக்கில் சேரும். கால்வீக்கம் ஒன்றையே கொண்டு எவருக்கும் இருதய நோய் என்று சொல்லலாகாது என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஆசிரியர்கள் அறிய வேண்டியது வேறொன்று. ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண் வந்து, இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் காய்ச்சலுடன் மூட்டுக்கு மூட்டு வலி தாவுமாயின் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு வலி ஆறிவிடும். இருதய வால்வுக்கு நேர்ந்த ஊறு தங்கிவிடக்கூடும். தேகப்பயிற்சி வகுப்பில் பாதியிலேயே உட்கார்ந்துவிடும் பிள்ளை சோம்பேறி என்று தண்டிக்கப்படுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டப்பட வேண்டும். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடப்படும் பென்சிலின் ஊசி வால்வு மேலும் கெடாமல் காக்கிறது. இந்நோயைச் சிறுவயதில் கவனியாது விட்ட பெண்ணுக்குக் கர்ப்பகாலத்திலேயே முதன்முறை மூச்சு முட்டுவதுண்டு. வால்வில் குறையில்லாத பெண்ணுக்கும் பேற்றுக்கு முந்திய மாதத்திலிருந்து பேற்றுக்குப் பிந்திய ஐந்து மாதம் வரை இருதயத் தசை தளரக்கூடும். ‘பிள்ளை பெற்ற உடம்பு’ என்று இதனை ஒதுக்குதல் ஆபத்து. கைக்குழந்தை பால் குடிக்கும்போதே வியர்த்து, இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்கினால் பிறவிக் குறையை ஐயுற வேண்டும். இத்தகைய குழந்தைகளுக்கென 2021-இல் தேவஸ்தானம் திருப்பதியில் ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இருதய மையத்தைத் தொடங்கியது.

மருத்துவமனையில் நடைபெறுவதையும் களப்பணியாளர் அறிந்திருத்தல் நலம். நோயாளி அவரிடம்தான் கேட்பார். இ.சி.ஜி. எடுப்பர், அது முற்றிலும் இயல்பாக இருந்தால் இந்நோய் இருத்தல் அரிது. மார்பின் எக்ஸ்ரேயில் இருதயத்தின் அகலம் மார்புக்கூட்டின் அகலத்தில் பாதிக்கு மேற்பட்டிருக்கிறதா என்று அளப்பர். பி.என்.பி. என்னும் இரத்தப் பரிசோதனையும் உண்டு. இழுபட்ட இருதயத்தசை இப்பொருளைச் சுரக்கிறது. நாட்பட்ட குறிகளுடன் வருபவரிடம் அது மில்லிலிட்டருக்கு 35 பிக்கோகிராமுக்குக் குறைவாகவும், திடீரெனத் திணறி வருபவரிடம் 100-க்குக் குறைவாகவும் இருப்பின் மூச்சிரைப்புக்கு வேறு காரணத்தையே தேடலாம். பருத்த உடலினரிடம் இது குறைத்துக் காட்டும். சிறுநீரக நோயுற்றோரிடம் மிகுத்துக் காட்டும். இறுதியாக எக்கோ. இடக் கீழறையிலுள்ள இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் நூற்றுக்கு எத்தனை பங்கு வெளியேறுகிறது என்பதை அது காட்டும். 40 அல்லது அதற்குக் கீழ் இருப்பின் சுருங்கும் ஆற்றல் குறைந்தது என்பர். 50-உம் அதற்கு மேலும் இருந்தும் நோய் இருக்கலாம். அங்கே இருதயம் சுருங்குவதில் குறையில்லை, விரிந்து நிரம்புவதில்தான் குறை. முதியோர், இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையோர் ஆகியோரிடம் இவ்வகை மிகுதி. “எக்கோ நன்றாக இருக்கிறது என்றார்கள்” என்பதனால் மட்டும் ஐயம் தீர்ந்துவிடாது.

நோயின் கடுமையை வேறொரு மாநிலத்து விவரம் ஒன்று காட்டும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2013-இல் இந்நோய்க்காக மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 1,205 பேரைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். அவர்களுடைய சராசரி வயது சுமார் 61. நூற்றுக்கு 72 பேருக்கு இருதயத் தமனி நோயே மூலம். மருத்துவமனையிலேயே நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் இறந்தனர். தாமதமாக வருவோரைக் காப்பது அரிது. உரிய காலத்தில் வருவோருக்கு ஆயுளை நீட்டும் மருந்துகள் இன்று பல உள்ளன.

சித்தூரிலிருந்து வேலூர் சுமார் 35 கிலோமீட்டர், திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். உட்கார்ந்த நிலையிலும் மூச்சு முட்டுதல், உதடு நீலம் பாய்தல், இளஞ்சிவப்பு நுரையுடன் சளி, மயக்கம், மார்வலி ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் பேருந்துக்காகக் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். நோயாளியைப் படுக்க வைக்காமல், கால்களைத் தொங்கவிட்டுச் சாய்த்து அமர்த்துதல் வேண்டும். மற்றவரை அனுப்பும்போது சீட்டில் எடை, நாடி, இரத்த அழுத்தம், வீக்கம் எதுவரை ஏறியுள்ளது என்பவற்றுடன், உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் குறிக்க வேண்டும். மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கிய மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடலில் நிறுத்தி இந்நோயை முற்றச் செய்வனவாதலால் அவற்றை விட்டுவிடலாகாது. ‘ஆயாசம்’ என்று மட்டும் எழுதாமல், “படுத்தால் மூச்சு முட்டுகிறது, மூன்று தலையணை, இருபது நாளாக” என்று எழுதுதல் வேண்டும்.