வெளுத்ததெல்லாம் பால் அல்ல

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்)

ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி எனது ஊர். மூதறிஞர் இராஜாஜி 1878-ஆம் ஆண்டு பிறந்த ஊர் என்றால் எல்லோருக்கும் விளங்கும். அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாகத் திகழ்கிறது. அரசியல் அறிஞர் இராஜாஜியைப் பலர் அறிவர். வேதியியலை எளிய தமிழில் விளக்கித் 'திண்ணை இரசாயனம்' என்றொரு நூல் எழுதிய இராஜாஜியைச் சிலரே அறிவர். அவ்வூரில் பிறந்து, வேதியியலையே பாடமாக எடுத்துப் படிக்கும் நான், படித்ததை மறந்து செய்த ஒரு தவற்றையும், அதனால் கற்ற பாடத்தையும் இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

நடந்தது என்ன?

என் தாத்தா ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1985-ஆம் ஆண்டு தீபாவளிக்குக் கிடைத்த போனஸில், சிறுவனாயிருந்த என் தந்தைக்கு ஒரு பிளாஸ்டிக் ஆம்புலன்ஸ் வண்டி வாங்கிக் கொடுத்தார். தாத்தா மறைந்த பின்பும் அப்பா அதை யாருக்கும் கொடுக்கவில்லை. ஜன்னலுக்கு எதிரே இருந்த அலமாரியில் அது பல ஆண்டுகள் நின்றது. பால் போல் வெண்மையாக இருந்ததாம். நான் பார்த்த நாள் முதல் அது மஞ்சள் நிறந்தான். வெயில் பட்ட பக்கம் மிகுதியாகவும், சுவர்ப் பக்கம் குறைவாகவும் மஞ்சளித்திருந்தது.

சென்ற கோடை விடுமுறையில் என் அக்காள் தன் இரண்டு வயது மகனுடன் வருவதாகத் தெரிவித்தாள். வண்டியைப் புதிது போலாக்கி அப்பாவை வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்ற ஆசை எனக்கு. கைப்பேசியில் கண்ட ஒரு காணொளி வழிகாட்டியது. தலைமுடிக்குச் சாயமிடும் பொருள்கள் விற்கும் கடையில் '40 வால்யூம்' என்று அச்சிட்ட பசை ஒரு புட்டி வாங்கினேன். கையுறை அணியாமலே பசையைத் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மொட்டை மாடி வெயிலில் வைத்தேன்.

பத்து நிமிடத்தில் விரல் நுனிகள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து, ஊசி குத்துவது போல எரிந்தன. மாலையில் தாளைப் பிரித்தேன். பசை படிந்த இடம் வெண்மை; காற்றுக் குமிழி நின்ற இடம் மஞ்சள்; பசை உலர்ந்த இடத்தில் சாம்பல் பூத்தது போன்ற திட்டு. வரிக்குதிரையாக நின்றது வண்டி. பின்கதவைத் திறந்தேன், அது கையோடு வந்துவிட்டது.

அழுதுகொண்டே அப்பாவிடம் காட்டினேன். அவர் வண்டியைப் பார்க்கவேயில்லை. "பொம்மை கெடக்குது விடு கண்ணு, மொதல்ல கையக் காட்டு" என்றார்.

மஞ்சள் நிறம் அழுக்கா?

விடுமுறை முடிந்ததும் உடைந்த கதவை எங்கள் பேராசிரியரிடம் கொண்டு சென்றேன். அவர் அதை ஒரு முகவை நீரில் இட்டார், மூழ்கியது. பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் நீரில் மிதக்கும். இது ஏ.பி.எஸ். வகையாக இருக்கக்கூடும் என்றார். அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்னும் மூன்றும் சேர்ந்த பலபடி இது. உலகப் புகழ் பெற்ற லெகோ கட்டைகளும் 1963 முதல் இவ்வகைப் பிளாஸ்டிக்கால்தான் செய்யப்படுகின்றன.

இம்மூன்றில் பியூட்டாடையீன், ரப்பரைப் போன்ற உறுதியைத் தருவது. கீழே விழுந்தால் பொம்மை உடையாதது அதனால்தான். ஆனால் அதன் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அவ்விடத்தைத் தாக்குகின்றன. அதனால் புதிய தொகுதிகள் தோன்றி, ஒளியின் நீல நிறத்தை உறிஞ்சிக்கொள்ள, பொருள் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது.

ஆகவே மஞ்சள் நிறம் பிளாஸ்டிக்கின் மேல் படிந்த அழுக்கன்று; பிளாஸ்டிக்கே முதுமையடைந்ததன் அடையாளம். உறுதி தந்த பகுதி சிதைந்ததால்தான் நிறம் மாறியது. நிறம் மாறிய பொம்மை வலுவும் குன்றியிருக்கும் என்பதை நான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

வெளுக்கும் மருந்து என்ன செய்கிறது?

நான் வாங்கிய பசையின் உயிர்ப்பொருள் ஹைட்ரஜன் பெராக்சைடு. 1818-ஆம் ஆண்டு தேனார் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தது. பருத்தித் துணியையும் காகிதக் கூழையும் வெளுக்க ஆலைகளில் பயன்படுவது. பழைய கணிப்பொறிகளைச் சேகரிக்கும் மேனாட்டு ஆர்வலர்கள் 2008-ஆம் ஆண்டு இதைப் பிளாஸ்டிக்கின் மேல் பயன்படுத்தத் தொடங்கி, 'ரெட்ரோபிரைட்' என்று பெயரும் இட்டனர். அதன்பின் அது பொம்மை சேகரிப்போரிடமும் பரவிற்று.

பெராக்சைடு, நிறந்தரும் தொகுதிகளை மேலும் ஆக்சிஜனேற்றம் செய்து நிறத்தை அழிக்கிறது. அறுந்த மூலக்கூறுச் சங்கிலிகளை அது மீண்டும் இணைப்பதில்லை. நரைத்த தலைக்கு மை பூசுவதால் வயது குறையுமா? அதுபோன்றதே இதுவும். மேலும், எந்தக் கதிர்களால் பிளாஸ்டிக் கெட்டதோ அதே கதிர்களின் முன் அதை மணிக்கணக்கில் வைக்கிறோம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று குளிர்ச்சியாயிருக்கும். ஆயினும் புற ஊதாக் கதிர்களுக்குக் குறைவில்லை. வெளுத்த பொம்மைகள் சில காலத்தில், இருட்டில் வைத்தாலுங்கூட, மீண்டும் மஞ்சளித்ததைச் சேகரிப்போர் பலர் கண்டுள்ளனர்.

'40 வால்யூம்' என்பதன் பொருள்

இதைப் பள்ளியிலேயே நாம் படித்திருக்கிறோம். 68 கிராம் பெராக்சைடு சிதைந்தால், திட்ட வெப்ப அழுத்த நிலையில், 22.4 லிட்டர் ஆக்சிஜன் வெளிவரும். ஒரு லிட்டர் கரைசல் 10 லிட்டர் ஆக்சிஜன் தந்தால் அது 10 வால்யூம். அதில் சுமார் 30 கிராம் பெராக்சைடு இருக்கும். அதாவது 3 விழுக்காடு. இக்கணக்கின்படி 20 வால்யூம் 6 விழுக்காடு. 40 வால்யூம் 12 விழுக்காடு. புண் கழுவ உதவும் 3 விழுக்காட்டுக் கரைசலைப்போல் நான்கு மடங்கு வலிமை உள்ளதில் நான் வெறுங்கையை வைத்தேன்!

தோலினுள் புகுந்த பெராக்சைடு அங்கே ஆக்சிஜன் குமிழ்களாக மாறுவதால்தான் விரல் வெளுக்கிறது. எனக்குச் சில மணி நேரத்தில் சரியாயிற்று. அதே துளி கண்ணில் தெறித்திருந்தால் கருவிழியே பழுதாகியிருக்கும். தெறித்தால் உடனே குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கண்ணைக் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இன்னொன்றும் அக்கணக்கில் ஒளிந்திருக்கிறது. 40 வால்யூம் கரைசல் ஒரு லிட்டரில் 40 லிட்டர் ஆக்சிஜன் அடங்கியுள்ளது. இரும்புத் தூளோ, செம்போ, தூசியோ கலந்தால் சிதைவு விரைவாகும். பயன்படுத்தி மீந்ததைப் பழைய புட்டியில் ஊற்றி இறுக மூடினால், அழுத்தம் ஏறிப் புட்டி வெடிக்கலாம்.

கலக்கக் கூடாதவை

வீரியம் கூட்டுவதாக எண்ணிப் பெராக்சைடுடன் வேறு பொருளைச் சேர்ப்பது பெருந்தவறு. வினிகருடன் சேர்ந்தால் கண்ணையும் மூச்சுக் குழலையும் தாக்கும் பெர் அசெட்டிக் அமிலம் உண்டாகும். துணிக்கான குளோரின் வெளுப்புநீரைப் பொம்மைக்கு ஊற்றுவோரும் உண்டு. அது திருகாணிகளையும் சுருள்வில்களையும் அரித்துத் துருப்பிடிக்கச் செய்யும். கழிவறை கழுவும் அமிலத்துடன் அது கலந்தால் நச்சு வாயுவாகிய குளோரின் வெளிவரும். மூடிய குளியலறையில் இது உயிருக்கே ஆபத்து.

வெண்மை வேறு, தூய்மை வேறு

எனது பெரிய பிழை இனிமேல்தான். வெளுத்த வண்டியை அக்காள் மகன் கையில் கொடுக்க நினைத்தேன். இரண்டு வயதுக் குழந்தை பொம்மையை முதலில் வாயில்தான் வைக்கும். பழைய பொம்மைகளின் வண்ணங்களில் ஈயமும் காட்மியமும் இருக்கக்கூடும். மென்மையான பி.வி.சி. பொம்மைகளில், வளைந்து கொடுப்பதற்காகச் சேர்த்த தாலேட்டுகள் மேலே கசிந்து பிசுபிசுக்கும். இவற்றுள் எதையும் பெராக்சைடு நீக்குவதில்லை. முதுமையடைந்த பிளாஸ்டிக் கூரிய துண்டுகளாகவும் உடையும். நம் நாட்டில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது 2021 ஜனவரி முதலே. அதற்கு முந்திய பொம்மை காட்சிக்கு உரியது. குழந்தையின் வாய்க்கு உரியதன்று.

செய்யத்தக்கவை

பழைய பொம்மையை மென்மையான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தினால் போதும். அழுக்கு போய்விடும், எஞ்சுவது முதுமை. வெயில் படாத, வெப்பமில்லாத இடத்தில் வைத்தால் அம்முதுமை மெல்ல நடக்கும். வெளுத்தே தீர வேண்டும் என்போர் 3 விழுக்காட்டுக்கு மேற்படாத கரைசலை, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், உடைந்த ஒரு துண்டின் மேல் முதலில் சோதித்துப் பார்க்கட்டும். ஒட்டுப்படமும் வண்ணமும் உள்ள பகுதியைத் தொடவே வேண்டா. வெளுத்த பொம்மையைப் பழைய மஞ்சளுக்குத் திருப்ப வழியில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

முடிவுரை

எங்கள் வண்டி இன்று ஜன்னலுக்கு எதிரே இல்லை. கதவை ஒட்டாமல் உள்ளேயே வைத்து, வெயில் படாத உள்ளறை அலமாரியில் அப்பா நிறுத்தியிருக்கிறார். அக்காள் மகனுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையிட்ட புதிய வண்டி ஒன்று வாங்கித் தந்தார். பழையதை அவன் கேட்டு அடம்பிடிக்கும்போது, கையில் எடுத்துத் தூர இருந்தே காட்டி, "இது உன் கொள்ளுத் தாத்தா வாங்கிக் கொடுத்ததுடா" என்கிறார். அவன் வரிகளை எண்ணிப் பார்க்கிறான்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புபவனை ஊரார் நகைப்பர். வேதியியல் படித்த நானே அப்படி நம்பினேன். நண்பர்களே, புட்டியின் மேல் அச்சிட்டுள்ள எண்ணைப் படித்து, கணக்கிட்டுப் பார்த்து, அதன்பின் மூடியைத் திறவுங்கள். நாம் வகுப்பறையில் கற்கும் பாடத்தின் பயன் அதுவே.