கோள்வடிவ நெபுலாவும் தோணியின் அணியமும்

பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கேற்றிக் கிளம்பும் தோணியின் அணியத்தைக் கவனித்திருக்கிறீர்களா நண்பர்களே? முன்னால் தண்ணீர் குவிந்து மேடுகட்டும். பின்னால் நுரை வால்போல நீளும். வானத்திலும் இப்படி ஒன்று நடக்கிறது.

சூரியன் போன்ற நட்சத்திரம் கடைசிக் காலத்தில் தன் மேலுறையை ஊதித் தள்ளிவிடும். நடுவில் மிஞ்சும் சூடான உள்ளகம் அந்த வாயுவை ஒளிரவைக்கும். இதுதான் கோள்வடிவ நெபுலா. கோளுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்தக் கால டெலஸ்கோப்பில் வட்டமாகத் தெரிந்ததால் வந்த பெயர், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

இந்த வாயு நொடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் விரியும். வெளியே வெற்றிடம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயும் மெல்லிய வாயு உண்டு. கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஓர் அணு. இளம் நெபுலாவில் அதே இடத்தில் ஆயிரக்கணக்கான அணுக்கள் இருப்பதால், அது வெளி வாயுவைச் சட்டை செய்யாது. ஆனால் ஆரம் இரண்டு மடங்கானால் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு. பத்து மடங்கானால் ஆயிரத்தில் ஒரு பங்கு. தண்ணீர் ஜெட் தகட்டில் மோதும் கணக்குப் போட்டோமே, அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி? இங்கேயும் அதே கணக்குதான். நெபுலா வயதாகி மெலிந்த பிறகு வெளி வாயுவின் கை ஓங்கிவிடும்.

நட்சத்திரம் நகர்ந்துகொண்டே இருப்பதால் அடி ஒரு பக்கம்தான் பலமாக விழும். அந்த விளிம்பு நசுங்கிப் பிரகாசமாகும். எதிர்ப்பக்கம் மங்கி நீளும். வாயு வேகம் குறைந்து பின்தங்க, நட்சத்திரத்துக்கு அந்தத் தடை கொசுக்கடிகூட இல்லை. அது பாட்டுக்குப் போகும். இதனால் நடுவில் இருக்கவேண்டிய நட்சத்திரம் ஓரத்துக்கு வந்துவிடுகிறது.

நல்ல உதாரணம் ஷார்ப்லெஸ் 2-216. சுமார் 420 ஒளியாண்டு தூரம். நமக்கு மிக அருகில் உள்ள கோள்வடிவ நெபுலாக்களில் ஒன்று. நிலாவைப்போல மூன்று மடங்கு அகலம், ஆனாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல். 1995-இல் ட்வீடி குழுவினர் இதை ஆராய்ந்து எழுதினார்கள். கிழக்கு விளிம்பு பளிச்சென்று இருக்கிறது. நட்சத்திரமும் அந்தப் பக்கமே தள்ளி நிற்கிறது.

நம்மவர்கள் பங்கும் உண்டு. 2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதா டெலஸ்கோப்பில், காமேஸ்வர ராவ் குழுவினர் என்.ஜி.சி. 40 என்ற நெபுலாவைப் பார்த்தார்கள். அதைச் சுற்றிப் புற ஊதாவில் மட்டும் தெரியும் ஒளிவட்டம் இருப்பதாக 2018-இல் வெளியிட்டார்கள். ஹைட்ரஜன் மூலக்கூறு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அப்படியானால் நெபுலாவின் ஓரம் என்று நாம் போட்ட கோடு இன்னும் வெளியே தள்ளிப்போகிறது; மோதல் முதலில் தொடங்குவதும் அங்கேதான்.